‘பல்லுயிர்ப் பெருக்கம்’ என்ற சொல்லை மாற்றுங்கள்

பாடநூல் எழுதும் குழுவினருக்கும், கலைச்சொல் ஆக்கும் அறிஞர்களுக்கும், நாளிதழ்களின் செய்தியாசிரியர்களுக்கும்,

வணக்கம். நான் விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் ஊர் ஒன்றில் 22 ஆண்டுகளாக உயிரியல் நடத்தும் ஆசிரியை. உயிர்கள் வகை வகையாக இருப்பதை ஆங்கிலத்தில் ‘பயோடைவர்சிட்டி’ என்கிறார்கள். அதற்கு நாம் வைத்திருக்கும் ‘பல்லுயிர்ப் பெருக்கம்’ என்ற ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேசத்தான் இந்த மடலை எழுதுகிறேன். ஒரு சொல்லுக்கு இவ்வளவு நீளமான கடிதமா என்று தோன்றலாம். பொறுமையாகப் படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சென்ற ஆண்டு காலாண்டுத் தேர்வில் ‘பல்லுயிர்ப் பெருக்கம் என்றால் என்ன?’ என்று இரண்டு மதிப்பெண் கேள்வி ஒன்று வைத்தேன். 41 விடைத்தாள்கள். பாதிக்கு மேற்பட்டவற்றில் ஏறக்குறைய ஒரே பதில்: ‘பல உயிரினங்கள் இனப்பெருக்கம் செய்து எண்ணிக்கையில் அதிகமாவது.’ நடத்திய பாடத்தைக் கவனிக்கவில்லை என்று நினைத்துச் சிவப்பு மையில் அடித்துக்கொண்டே போனேன். தாள் கொடுத்த அன்று ஒரு மாணவி எழுந்து நின்றாள். “டீச்சர், மக்கள்தொகைப் பெருக்கம்னா மக்கள் அதிகமாகிறது. இனப்பெருக்கம்னா குட்டி போடுறது. வெள்ளப்பெருக்குன்னா தண்ணி கூடுறது. அப்போ பல்லுயிர்ப் பெருக்கம்னா பல உயிரும் கூடுறதுதானே? நான் எழுதுனது எப்படித் தப்பு?”

எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால் அவள் தமிழைச் சரியாகத்தான் படித்திருக்கிறாள். பெருக்கல் வாய்ப்பாட்டிலிருந்து ஆடிப்பெருக்கு வரை ‘பெருக்கு’ என்ற சொல், வீடு பெருக்குவதை விட்டால், வரும் இடமெல்லாம் அளவு கூடுவதைத்தான் சொல்கிறது. அவளுக்கு முழு மதிப்பெண் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்த பிறகும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். வகைகளைப் பற்றிய ஒரு கருத்துக்கு எண்ணிக்கையைக் குறிக்கும் பெயரை வைத்துவிட்டு, பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்று 22 ஆண்டுகளாக அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

தேர்வுத் தாளோடு இது முடிந்திருந்தால் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன்.

எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் முன்பு என்னென்ன இருந்தன என்று சொல்கிறேன். ஆவாரை, கொழுஞ்சி, துத்தி, இசங்கு, சூரை, காரை, ஆதண்டை, பிரண்டை. மேலே ஏறிப் படர்ந்த முடக்கத்தான். ஐப்பசி மழை விழுந்தால் கொழுக்கட்டைப்புல் முதல் ஊசிப்புல் வரை தரையெல்லாம் புல். புல்லுக்குள் கவுதாரி முட்டையிடும். முள்புதருக்குள் தவிட்டுக்குருவிகள் கூட்டமாகச் சண்டை போடும். ஆவாரை இலையை நம்பி முட்டையிடும் வண்ணத்துப்பூச்சிகள் இருந்தன. வெளியூர்க்காரர் பார்வைக்கு அது ஒரு புதர்க்காடு, அவ்வளவுதான். ‘சும்மா கிடக்கிற இடம்’ என்று எங்கள் ஊரிலேயே சிலர் சொல்வார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஜூன் மாதத்தில் ஒரு நாள், அந்தக் கரையை ஜேசிபி வைத்து வழித்துச் சமப்படுத்தினார்கள். மறுநாள் பந்தல் போட்டு, ‘பல்லுயிர்ப் பெருக்கம் காப்போம்’ என்று பேனர் கட்டி, 500 மரக்கன்றுகள் நட்டார்கள். இரண்டே வகைக் கன்றுகள். செய்தவர்கள் நல்ல எண்ணத்தோடு வந்தவர்கள். அவர்கள் யார் என்பது இந்த மடலுக்குத் தேவையில்லை. எங்கள் பள்ளிப் பிள்ளைகளையும் வரிசையில் நிற்க வைத்துக் கன்று பிடித்துப் படம் எடுத்தோம். நானும் அந்தப் படத்தில் இருக்கிறேன். கரையில் இருந்த உயிர்களை வழித்துவிட்டு அதே இடத்தில் ‘பல்லுயிர்’ விழா நடத்துகிறோம் என்று அன்றைக்கு எனக்கும் உறைக்கவில்லை. பேனரில் இருந்த சொல் ‘பெருக்கம்’. 500 கன்று நட்டால் பெருக்கம்தானே? அந்தச் சொல்லின்படி நாங்கள் செய்தது சரி.

உறைக்க வைத்தவர் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர். அடுத்த வாரம் பள்ளி வாசலில் என்னைப் பார்த்ததும், “டீச்சரம்மா, மரம் வளந்து நெழலு தரும், சரி. ஆடு நெழலையா திங்கும்?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே என்னிடமிருந்து பதில் எதிர்பார்த்தார். அவருடைய ஆடுகள் வேம்பூர் பொட்டாடுகள். வெள்ளை உடம்பில் செம்புள்ளி தெளித்தது போல இருக்கும், இந்தக் கரிசல் வெயிலிலும் வறட்சியிலும் நாளெல்லாம் நடந்து மேயக்கூடிய ஆடுகள். மேய்ச்சல் போனால் அந்த ஆடு போகும். ஆடு போனால் கோடையில் எங்கள் நிலங்களில் உரத்துக்காகக் கிடை போட ஆள் இருக்காது. ஒரு கரையை வழித்ததில் இத்தனையும் அடுத்தடுத்துக் கழன்று வரும் என்பதை அவர் சொல்லித்தான் நான் படித்தேன்.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு வயது குறைவு. ‘உயிரியல் பல்வகைமை’ என்று நீளமாகச் சொல்லிவந்ததை, 1985இல் வால்டர் ரோசன் என்பவர் ஒரு கருத்தரங்கை ஏற்பாடு செய்யும்போது ‘பயோடைவர்சிட்டி’ என்று ஒரே சொல்லாகச் சுருக்கினார். அந்தக் கருத்தரங்கு 1986 செப்டம்பரில் வாஷிங்டனில் நடந்தது. அதன் கட்டுரைகளை எட்வர்ட் வில்சன் என்ற உயிரியலாளர் தொகுக்க, 1988இல் நூலாக வந்தது. வில்சனுக்கே முதலில் அந்தச் சுருக்கம் பிடிக்கவில்லை. ஆனாலும் நான்கே ஆண்டுகளில், 1992இல், ரியோ டி ஜெனிரோவில் நாடுகள் கையெழுத்திட்ட உலக ஒப்பந்தம் ஒன்றுக்கே அந்தக் கருத்து பெயராகிவிட்டது. மே 22ஆம் தேதியை ஆண்டுதோறும் அதற்கான நாளாகக் கொண்டாடுகிறோம்.

அந்த ஒப்பந்தம் சொல்லும் பொருளைக் கவனியுங்கள். அதில் எண்ணிக்கை பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. உயிர்களுக்கிடையே உள்ள வேறுபாடு, அவ்வளவுதான். ஒரே இனத்துக்குள் இருக்கும் வேறுபாடு, இனத்துக்கும் இனத்துக்கும் இடையிலான வேறுபாடு, உயிர்கள் சேர்ந்து வாழும் சூழல்மண்டலங்களுக்கு இடையிலான வேறுபாடு என்று மூன்று தளங்களில் அதைப் பார்க்கச் சொல்கிறது. புல்வெளி ஒன்று, முள்காடு ஒன்று, கழிமுகம் ஒன்று என்று இடங்களே விதவிதமாக இருப்பதும் இதற்குள் அடக்கம்.

இப்போதெல்லாம் வகுப்பில் இதை நான் பலகையில் கணக்குப் போட்டுத்தான் விளக்குகிறேன். ஒரு கண்மாயில் 500 பறவைகள், எல்லாம் மடையான் கொக்கு. இன்னொரு கண்மாயில் நூறே பறவைகள், ஆனால் பத்து வகை, வகைக்குப் பத்து. எதில் பல்வகைமை அதிகம்? பிள்ளைகள் இரண்டாவதைச் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். அப்புறம் மூன்றாவது கண்மாயைப் போடுவேன்: இங்கேயும் நூறு பறவை, இங்கேயும் பத்து வகை, ஆனால் 91 மடையான், மீதி ஒன்பது வகையிலும் ஒவ்வொன்றே ஒன்று. இங்கேதான் வகுப்பு சத்தமில்லாமல் யோசிக்கும். ஒன்று மட்டும் இருக்கும் பறவைக்குச் சோடி இல்லை, அடுத்த ஆண்டு அந்த வகையே இருக்காது என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லிவிடும். இவ்வளவையும் நடத்தி முடித்து, ‘பல்லுயிர்ப் பெருக்கம்’ என்று தலைப்பு எழுதினால், நடத்தியது அத்தனையும் அந்தத் தலைப்புக்கு எதிராக நிற்கிறது.

ஜிலேபிக் கெண்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1952இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன் அது. ஊட்டச்சத்துக்காக, மலிவான மீன் கிடைக்க வேண்டும் என்பதற்காகக் கொண்டுவந்தார்கள். எந்தத் தண்ணீரிலும் வாழும், எதையும் தின்னும், குஞ்சுகளை வாயில் வைத்துக் காக்கும். இன்று எங்கள் பக்கத்தில் எந்தக் கண்மாயில் வலை போட்டாலும் அதுதான் முதலில் விழுகிறது. வயதானவர்களைக் கேட்டால் அயிரை, உளுவை, குரவை, விரால், கெளுத்தி என்று பட்டியல் சொல்வார்கள். தண்ணீர் வற்றும்போது ஊரே கண்மாயில் இறங்கி மீன் பிடிக்கும் அழிகால் அன்று பிடித்த மீன்களில் எத்தனை நிறம், எத்தனை ருசி என்று சொல்வார்கள். இன்று அழிகாலில் கூடை நிறைகிறது, ஆனால் ஒரே மீனால். மீன் பெருகியிருக்கிறது, மீன் வகை சுருங்கியிருக்கிறது. இந்த நிலைமையைத் தமிழில் எப்படி எழுதுவீர்கள்? ‘மீன் பெருகியதால் பல்லுயிர்ப் பெருக்கம் குறைந்தது’ என்றா? நாளிதழ்களில் ‘பல்லுயிர்ப் பெருக்கம் அழிகிறது’ என்று தலைப்புப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்வி வருகிறது. சீமைக்கருவேலம் எங்கள் மாவட்டம் முழுக்கப் பெருகிக் கிடக்கிறது. அதைச் சுட்ட நமக்கு வேறு சொல் வேண்டாமா?

நீலகிரியில் இதே தவறு நூறு மடங்கு பெரிதாக நடந்திருக்கிறது. உச்சியில் பள்ளங்களில் சோலைக்காடும், மேட்டில் புல்வெளியுமாக இருந்த மலை அது. புல்வெளியைப் பார்த்த வெள்ளைக்காரர்களுக்கு அது வெறும் நிலமாகத் தெரிந்தது. 1840களில் தொடங்கி ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த தைலமரத்தையும் சீகை மரத்தையும் நட்டார்கள். விடுதலைக்குப் பிறகும் நடுவது தொடர்ந்தது. மரம் பெருகியது, உண்மைதான். ஆனால் வரையாடு மேய்வது புல்லை. நீலகிரி நெட்டைக்காலி என்ற சிறு பறவை வாழ்வது உயரமான மலைப் புல்வெளிகளில், மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் அது கிடையாது. தோடர்கள் தங்கள் கோயில் கூரைக்கு வேய்வது சதுப்பில் வளரும் ஒரு தனிப் புல். மரங்கள் நிறைந்த பச்சை மலையைப் பார்த்து ‘ஆகா, இயற்கை’ என்று சுற்றுலாப் பேருந்திலிருந்து நம் பிள்ளைகள் மகிழும்போது, அந்தப் பச்சைக்கு அடியில் எது காணாமல் போனது என்று கேட்கத் தெரிய வேண்டும். அதைக் கேட்கப் பழக்க வேண்டிய சொல் இப்போது எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது.

முதல் தளத்தைப் பற்றி, அதாவது ஒரே இனத்துக்குள் உள்ள வேறுபாட்டைப் பற்றி, நம் பாடங்களில் மிகக் குறைவாக இருக்கிறது. அது எனக்குப் பெரிய வருத்தம். ஏனென்றால் விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு அதுதான் சட்டென்று புரியும். காட்டுயானம் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நீர் தேங்கிய வயலில் நிற்கும். குழியடிச்சான் கடலோர உவர் நிலத்தைத் தாங்கும். பூங்கார் குறுகிய காலப் பயிர். மூன்றுமே நெல்தான், தாவரவியல்படி ஒரே இனம். நெல் ஜெயராமன் 2018இல் காலமாகும்போது அவர் தேடி மீட்ட நெல் வகைகள் 174. ஒரே இனத்துக்குள் 174! உயிரினங்களை மட்டும் எண்ணினால் இவை அனைத்தும் சேர்ந்து ‘ஒன்று’.

இந்த ஒன்றுக்குள் இருக்கும் பலவற்றுக்கு என்ன மதிப்பு என்று கேட்கும் பிள்ளைகளுக்கு நான் புகையான் கதையைச் சொல்வேன். 1970களில் ஆசிய நாடுகளின் புதிய குட்டை நெல் ரகங்களில் ஒரு நச்சுயிரி நோய் வந்தது. புகையான் பூச்சி பரப்பும் நோய். தாக்கிய பயிர் புல்லுப் போலக் குட்டையாகி நின்றுவிடும். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் தாங்குதிறன் தேடி ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்தார்கள். தாங்கியது ஒன்றே ஒன்று. உத்தரப்பிரதேசத்தில் எடுத்து வைத்திருந்த நிவாரா என்ற காட்டு நெல். கதிர் சிறிது, மணி உதிர்ந்துவிடும், யாரும் பயிரிடுவதில்லை. விளைச்சலை மட்டும் பார்க்கும் கண்ணுக்கு அது களை. அதன் குணத்தை ஏற்றித்தான் 1976இல் ஐஆர் 36 என்ற நெல் ரகம் வெளிவந்தது. கோடிக்கணக்கான ஏக்கரில் விளைந்தது. அந்தக் காட்டு நெல் நின்ற குட்டையை யாராவது அதற்கு முன்பே தூர்த்துச் சமப்படுத்தியிருந்தால்? இதைச் சொல்லும்போது எங்கள் கண்மாய்க் கரை ஒவ்வொரு முறையும் என் கண் முன்னால் வந்து நிற்கும்.

இனி உங்களிடம் நேரடியாகக் கேட்க வேண்டியது. பாடநூல்களிலும் அரசு அறிவிப்புகளிலும் செய்திகளிலும் இந்த ஒரு கருத்துக்கு நான் பார்த்த சொற்கள்: பல்லுயிர்ப் பெருக்கம், பல்லுயிர்த்தன்மை, பல்லுயிரியம், உயிரினப் பன்மை, உயிர்ப்பன்மயம், உயிர்ப் பல்வகைமை. ஒரே மாணவன் வகுப்பு மாறும்போதும், பாடநூலை விட்டு நாளிதழுக்குப் போகும்போதும், போட்டித் தேர்வு எழுதும்போதும் வேறு வேறு சொல்லைச் சந்திக்கிறான். இவையெல்லாம் ஒன்றுதானா என்று என்னிடம் வந்து கேட்டவர்கள் உண்டு.

‘பல்லுயிர்’ அழகான பழஞ்சொல், மறுக்கவில்லை. ‘பகுத்துண்டு பல்லுயிர் ஓம்புதல்’ என்று குறளிலேயே இருக்கிறது. ஆனால் வள்ளுவர் அங்கே சொல்வது எல்லா உயிர்களையும் பேணும் அறத்தை. உயிர்களின் வகைகளைப் பற்றிய பேச்சு அந்த இடத்தில் இல்லை. ‘பல’ என்ற சொல் நூறு காகத்துக்கும் பொருந்தும், நூறு வகைப் பறவைக்கும் பொருந்தும். அதோடு ‘பெருக்கம்’ சேர்ந்ததும் நூறு காகத்தின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. ‘பல்லுயிரியம்’ சுருக்கமானது, சூழலியல் எழுத்தாளர்கள் பலர் அன்போடு பயன்படுத்துவது. ஆனால் பெண்ணியம், மார்க்சியம் என்று படித்துப் பழகிய பிள்ளைகளுக்கு அது ஒரு கொள்கையின் பெயராகக் கேட்கிறது. ‘பன்மை’ என்றால் ஒருமை பன்மை இலக்கணம் நினைவுக்கு வருகிறது. அதையும் குறை சொல்ல மாட்டேன், ‘பெருக்கம்’ போல அது தவறான வழியில் அனுப்புவதில்லை.

என் மனதுக்கு நெருக்கமானது ‘உயிர்ப் பல்வகைமை’. ‘வகை’ என்ற சொல் அதற்குள் வெளிப்படையாக இருக்கிறது. பள்ளிக்கூடம் போகாதவருக்கும் ‘வகை’ தெரியும். எத்தனை வகை சோறு, எத்தனை வகை பூ என்று வீட்டில் பேசும் சொல். இலங்கைத் தமிழர்கள் தங்கள் பாடங்களிலும் அரசு ஆவணங்களிலும் ‘பல்வகைமை’ என்றே எழுதி வருகிறார்கள். அவர்கள் ஏற்கெனவே புழங்கிவரும் நல்ல சொல்லை நாமும் எடுத்துக்கொள்வதில் என்ன தடை? இலக்கியத்தில் ‘வகைமை’ வேறு பொருளில் வருகிறதே என்று தமிழாசிரியர் ஒருவர் என்னிடம் கேட்டார். வரட்டும், ‘உயிர்’ முன்னால் நிற்கும்போது யாருக்கும் குழப்பம் வராது. நீங்கள் இதைவிட நல்ல சொல் கண்டால் மனதார ஏற்பேன். ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், அதில் ‘பெருக்கம்’ இருக்க வேண்டாம். அவ்வளவுதான் கேட்பது.

பெயரில் என்ன இருக்கிறது, பாதுகாத்தால் போதாதா என்று சொல்பவர்களுக்கு அரிட்டாபட்டியைக் காட்டுவேன். எங்கள் பக்கத்து மாவட்டமான மதுரையில், மேலூர் அருகே ஏழு குன்றுகளும் ஏராளமான சுனைகளும் உள்ள ஊர். 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களில் 193.215 ஹெக்டேர் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. லகர் வல்லூறு போன்ற வேட்டைப் பறவைகள் உட்பட ஏறத்தாழ 250 வகைப் பறவைகள், எறும்புத்தின்னி, தேவாங்கு, மலைப்பாம்பு. கூடவே சமணர் படுகை, தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டு, குடைவரைக் கோயில். வெளியிலிருந்து பார்த்தால் அதுவும் ‘சும்மா கிடக்கிற’ பாறையும் புதரும்தான். இரண்டு ஆண்டு கழித்து அந்த வட்டாரம் டங்ஸ்டன் சுரங்க ஏலத்துக்குள் வந்தபோது, ஊர் மக்கள் தெருவுக்கு வந்து எடுத்துப் பேசியவற்றில் அந்த அறிவிப்பும் ஒன்று. சட்டமன்றத்தில் தீர்மானம் வந்தது. மதுரையை நோக்கி மக்கள் பேரணியாகப் போனார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. மக்களின் உறுதிதான் அதைச் சாதித்தது, சந்தேகமில்லை. ஆனால் கையில் பிடித்துக்கொள்ள ஒரு சட்டச் சொல் அவர்களுக்கு இருந்தது. ‘இங்கே என்னென்ன வகை இருக்கிறது’ என்ற பட்டியல் அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருந்தது. ‘இங்கே நிறைய இருக்கிறது’ என்று மட்டும் சொல்லியிருந்தால் யாரும் நின்று கேட்டிருக்க மாட்டார்கள்.

அந்தப் பட்டியலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2002ஆம் ஆண்டு உயிரியல் பல்வகைமைச் சட்டத்தின்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் இதற்கென ஒரு மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அந்தக் குழு ஊர் மக்களிடம் கேட்டு ஊரின் உயிர்வகைகளுக்கு ஒரு பதிவேடு எழுத வேண்டும். இந்தச் சட்டத்துக்கான தேசிய ஆணையமே சென்னையில்தான் இருக்கிறது. பதிவேடுகளை 2020 ஜனவரிக்குள் முடிக்க வேண்டும், முடிக்காத மாநிலம் மாதம் பத்து லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கெடு விதித்தது. வேகம் தேவைதான். ஆனால் அந்த அவசரத்தில் நான் பார்த்த பதிவேடு ஒன்றில் பக்கத்து ஊரின் பட்டியல் அப்படியே இருந்தது, எங்கள் வட்டாரத்தில் இல்லாத மரம் உட்பட. உள்ளூர்ப் பெயர் எழுத வேண்டிய கட்டங்கள் பல காலியாகக் கிடந்தன.

அதனால் என் வகுப்புப் பிள்ளைகளோடு நாங்களே ஒன்று எழுதத் தொடங்கினோம். வழிகாட்டியவர் அந்த ஆட்டுக்காரப் பெரியவர்தான். பிள்ளைகள் அவரைத் தாத்தா என்று கூப்பிட்டுக்கொண்டு ஆறு சனிக்கிழமை அவர் பின்னால் நடந்தார்கள். புல்லை நாங்கள் ‘புல்’ என்று எழுத, அவர் நிறுத்தி நிறுத்திப் பெயர் சொன்னார். எது மழை விழுந்த மூன்றாம் நாள் வரும், எதைத் தின்றால் ஆட்டுக்கு வயிறு ஊதும், எதை முற்றிய பிறகு மட்டும் மேய்க்கலாம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு. புல்லுக்கு மட்டும் 19 பெயர் வந்தது. அவற்றில் 11 பெயர்களை நான் வாழ்க்கையில் கேட்டதே இல்லை, உயிரியல் பட்டம் வாங்கியவள். ராமநாதபுரம், தஞ்சைக் கரைகளில் மீனவர்கள் ‘ஆவுளியா’ என்று சொல்லும் உயிரை நம் பாடநூல் ‘கடற்பசு’ என்று மட்டும் சொல்வதும் இதே கதைதான். பாக் விரிகுடாவில் அதற்கென்றே 2022இல் 448 சதுர கிலோமீட்டரில் காப்பகம் வந்துவிட்டது. அதோடு வாழ்ந்தவர்கள் வைத்த பெயருக்கும் பாடத்தில் ஒரு வரி கொடுங்கள்.

அடுத்த பதிப்புக்கு முன் நீங்கள் கூடிப் பேசும்போது செய்ய வேண்டியவை என்று நான் நினைப்பவை இவைதாம். ‘பல்லுயிர்ப் பெருக்கம்’ என்பதை எடுத்துவிட்டு எல்லா வகுப்புகளுக்கும் ஒரே சொல் வையுங்கள். மூன்று தளங்களையும் நெல்லை வைத்தும் ஆட்டை வைத்தும் கண்மாயை வைத்தும் விளக்குங்கள். அமேசான் காட்டுப் படத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தன் ஊரின் பத்து உயிர்களை ஊர்ப் பெயரோடு எழுதி வரும் செய்முறைப் பாடம் ஒன்று இருக்கட்டும், அதற்கு மதிப்பெண்ணும் இருக்கட்டும். செய்தியாசிரியர்கள் நாளைக் காலைத் தலைப்பிலிருந்தே இதைத் தொடங்கலாம், உங்களுக்கு எந்தக் குழுவின் அனுமதியும் தேவையில்லை.

கரையில் நட்ட 500 கன்றுகளில் எத்தனை பிழைத்தன என்று கேட்பீர்கள். நாற்பது இருக்கும். அவற்றுக்கு நடுவே இரண்டு மழைக்குப் பிறகு கொழுஞ்சியும் ஆவாரையும் தாமாகவே திரும்பி வந்திருக்கின்றன. சூரை இன்னும் வரவில்லை. பிள்ளைகள் எழுதிய பதிவேட்டின் நகல் ஒன்றை உங்கள் அலுவலகத்துக்குத் தனி உறையில் அனுப்பியிருக்கிறேன். அதில் 14ஆம் பக்கத்தில் அந்த 19 புற்களும் இருக்கின்றன. அவற்றில் நான்குக்கு அறிவியல் பெயர் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. உங்கள் குழுவில் உள்ள தாவரவியல் அறிஞர் யாராவது பார்த்துச் சொன்னால், பிள்ளைகளிடமும் பெரியவரிடமும் தெரிவிப்பேன். மாதிரிகளைக் காயவைத்து ஒட்டி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஓர் உயிரியல் ஆசிரியை,
விருதுநகர் மாவட்டம்.